வெள்ளை போர்டு வண்டி, உள்ளே நான்கு லட்சம் ரூபாய்ச் சாமான்: காப்பீடு எப்படி எடுப்பது?

ஓ.எம்.ஆர்.துடைப்பான்
3 டிசம்பர் 2024, இரவு 9.40

வணக்கம். பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் சிறிய அலுவலகங்களுக்கும் வெளிக்கண்ணாடி துடைத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். மூன்று வருடமாகிறது. நான், என் மச்சான், இன்னும் மூன்று பையன்கள். வண்டி 2021 மாடல் ஈக்கோ, ஐந்து பேர் அமரும் வகை, சொந்த உபயோகப் பதிவு. பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு 300 லிட்டர் தொட்டி, பிரஷர் வாஷர், உப்பு நீக்கும் வடிகட்டி, 40 அடி கார்பன் கம்பு, இரண்டு செட் கயிறும் ஹார்னஸும் (கயிற்றில் தொங்க உடலில் மாட்டும் பட்டை) ஏற்றியிருக்கிறேன். சாமான் மட்டும் நான்கு லட்சம் ரூபாய்க்குக் குறையாது.

சனிக்கிழமை ஃபெஞ்சல் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் பாதிச் சக்கரம் வரை ஏறியது. விடிய விடிய வாசலில் நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள்தான் பாலிசியை எடுத்து முழுதாகப் படித்தேன். ஏன் படித்தேன் என்று இருக்கிறது. சாமான்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஏஜென்டிடம் கேட்டால், "முழுக் காப்பீடு சார், உள்ளே இருப்பதும் சேர்த்துத்தான்" என்கிறார். உண்மையா? இல்லையென்றால் சாமான்களுக்குத் தனியாக என்ன எடுக்க வேண்டும்? இந்தத் தொழிலில் இருக்கும் அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

வேளச்சேரிவாசி
3 டிசம்பர் 2024, இரவு 9.58

மழை என்றால் மேம்பாலத்தின் மேல் நிறுத்துங்கள். எங்கள் ஊர்க் காப்பீடு அதுதான். பிரீமியம் கிடையாது, சர்வேயர் வர மாட்டார்.

ஓய்வுபெற்ற சர்வேயர்
3 டிசம்பர் 2024, இரவு 11.15

தம்பி, மோட்டார் வாகன இழப்புகளை 27 வருடம் மதிப்பிட்டவன் நான். ஏஜென்ட் சொன்னது தவறு. அதைவிடப் பெரிய தவறு ஒன்று உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதை நீங்கள் கவனிக்கவில்லை.

தனியார் கார் பாலிசியில் உபயோக வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு ஓட்டக் கூடாது, பந்தயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பவற்றோடு, "மாதிரிப் பொருட்கள், சொந்தப் பெட்டி படுக்கை தவிர்த்த சரக்குகளை ஏற்றக் கூடாது" என்றும் அங்கே எழுதியிருக்கும். 300 லிட்டர் தொட்டியைப் பெட்டி படுக்கை என்று எந்த சர்வேயரிடமும் நிரூபிக்க முடியாது. இருக்கையைக் கழற்றித் தொட்டியைப் பொருத்தியது இன்னொரு சிக்கல். பதிவுப் புத்தகத்தில் உள்ளபடி வண்டி இல்லை என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைக் காட்டிக் கேள்வி கேட்பார்கள். சாமான் போகட்டும், வண்டிக்கே பணம் வருமா என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

சாமான் விஷயம் எளிது. மோட்டார் பாலிசிக்கு வண்டி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அதில் ஏற்றியிருப்பது அதற்குத் தெரியாது. தொழிற்சாலையிலிருந்து வண்டியோடு வந்தவையும், கூடுதல் பிரீமியம் கட்டிப் பட்டியலில் சேர்த்த துணைப்பொருட்களும்தான் உள்ளே வரும். உங்கள் கம்பு வண்டியின் துணைப்பொருள் ஆகாது.

தண்ணீர் விஷயமும் சொல்லிவிடுகிறேன். மிக்ஜாம் புயலுக்குப் பிறகு நான் பார்த்த சண்டைகளில் பாதி, தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்த்தவர்களுடையது. வெள்ளத்தில் வண்டி நனைந்தால் அது விபத்து. முழுக் காப்பீட்டில் வரும். நனைந்த எஞ்சினை இயக்கி, சிலிண்டருக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராட் வளைந்தால், அது உங்கள் செயலால் வந்த பின்விளைவு என்று மறுப்பார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இருந்தால் வழி உண்டு. இல்லாவிட்டால் சாவியைத் தொடாதீர்கள், பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு இழுவை வண்டியை அழையுங்கள்.

அம்பத்தூர் மணி
4 டிசம்பர் 2024, காலை 7.20

ஐயா, புத்தகப்படி பேசுகிறீர்கள். காய்கறி, டிபன், துணி எல்லாம் வெள்ளை போர்டு ஈக்கோவில்தான் ஊர் முழுக்கப் போகிறது. யார் நிறுத்திக் கேட்கிறார்கள்? வெள்ளை போர்டில் ஈக்கோவுக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய். மஞ்சள் போர்டு சரக்கு வண்டி என்றால் 16,049 ரூபாய். 2022-இல் அரசே நிர்ணயித்த தொகை, எந்த நிறுவனத்திடம் போனாலும் அதுதான். போதாததற்குத் தகுதிச் சான்றிதழ் எடுக்க அலைய வேண்டும். ஐந்து பேர் பிழைக்கும் தொழிலில் இந்தப் பன்னிரண்டாயிரத்தை எங்கே போய்க் கொண்டுவருவது?

ஓய்வுபெற்ற சர்வேயர்
4 டிசம்பர் 2024, காலை 8.05

சாலையில் யாரும் கேட்க மாட்டார்கள், மணி. கேட்பது நான்தான், அதுவும் வண்டி நொறுங்கிய பிறகு.

மனிதர் மீது மோதினால் நீதிமன்றம் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுக்கச் சொல்லும். நிபந்தனை மீறல் இருந்தால், கொடுத்த பணத்தை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுமதி கொடுக்கும். சொந்தச் சேதத்தில் அந்தத் தயவும் இல்லை. தனியார் வண்டியை வாடகைக்கு விட்டு விபத்தான ஒரு வழக்கில், முழுவதையும் மறுக்கக் கூடாது, ஒரு பகுதியாவது கொடு என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. அதைக் காட்டி 75 சதவீதம் வரை வாங்கியவர்கள் உண்டு. அதற்கு நுகர்வோர் ஆணையத்தில் எத்தனை வருடம் நடந்தார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பர்மிட் பயம் வேண்டாம். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. உரிமம் பற்றியும் பயம் வேண்டாம். எல்.எம்.வி. (இலகு ரக வாகன) உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையுள்ள போக்குவரத்து வாகனத்தை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு போன மாதம் 6-ஆம் தேதிதான் உறுதி செய்தது.

கோவை ஸ்க்வீஜி
4 டிசம்பர் 2024, மதியம் 1.30

மஞ்சள் போர்டு வைத்திருந்தும் ஏமாந்தவன் பேசுகிறேன். 2022-இல் வெளியூர் வேலைக்குப் போய், இரவு ஒரு லாட்ஜ் வாசலில் வண்டியை நிறுத்தினோம். காலையில் பார்த்தால் பக்கக் கண்ணாடி உடைந்து கிடக்கிறது. வாஷர், இரண்டு கம்பு, ஹார்னஸ் பை எல்லாம் போய்விட்டன. கிட்டத்தட்ட 1,80,000 ரூபாய்.

காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது உடைந்த கண்ணாடிக்கு மட்டும். அதுவும் கழிவு போக ஆயிரத்துச் சொச்சம். வண்டிக் கூரையில் போல்ட் போட்டு மாட்டியிருந்த ஏணித் தாங்கியையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதற்காவது கொடுங்கள் என்றேன். வணிக வாகனப் பாலிசியில் துணைப்பொருள் மட்டும் திருடு போனால் கிடையாதாம், வண்டியும் சேர்ந்து போனால்தான் உண்டாம். வண்டியை விட்டுவிட்டுப் போன திருடன் மேல் அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது.

காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, எஃப்.ஐ.ஆர். அல்ல. நான் இரண்டும் ஒன்று என்று நினைத்து மூன்று வாரம் சும்மா இருந்தேன். திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். வேண்டும், பிறகு பொருள் கிடைக்கவில்லை என்று காவல் துறை தரும் சான்றிதழும் வேண்டும்.

கணக்கு அக்கா
4 டிசம்பர் 2024, மாலை 6.45

மதுரையில் ஒரு பராமரிப்பு நிறுவனத்துக்குக் கணக்கும் பாலிசியும் பார்க்கிறேன். சாமான் பகுதியை நான் சொல்கிறேன் தம்பி. இதில் எல்லோரும் குழம்புகிற இடம் ஒன்று இருக்கிறது.

கன்னக்களவுப் பாலிசி என்று ஒன்று விற்பார்கள். விலை குறைவு. அது பாலிசியில் எழுதிய முகவரிக்குள் இருக்கும் பொருளுக்கு மட்டும். பூட்டை உடைத்த, கதவை நெம்பிய தடயம் இருக்க வேண்டும். திறந்திருந்த ஷட்டர் வழியாகப் போனால் கிடையாது. தெருவில் நிற்கும் வண்டி அந்த முகவரி ஆகாது. எனவே குடோன் வைத்திருப்பவருக்கு அது பயன்படும், உங்களைப் போல வண்டியே குடோனாக இருப்பவருக்குப் பயன்படாது.

உங்களுக்கு வேண்டியது எடுத்துச் செல்லும் கருவிகளுக்கான ஆல் ரிஸ்க் பாலிசி. போகிற இடமெல்லாம் கூட வரும். ஒவ்வொரு கருவியையும் வரிசை எண்ணோடு பட்டியலிட வேண்டும், ஜி.எஸ்.டி. பில் வேண்டும். பில் இல்லாமல் பழைய சாமான் சந்தையில் வாங்கியதை இன்றே ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இரவில் ஆளில்லாத வண்டிக்குள் இருந்தால் உண்டா? பெரும்பாலும் "இல்லை" என்றுதான் வரும். ஜெனரேட்டர், தொங்கு மேடை, பெரிய கம்ப்ரஸர் வைத்திருப்பவர்களுக்கு ஒப்பந்ததாரர் இயந்திரப் பாலிசி தனியாக இருக்கிறது. உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

தொகையைக் குறைத்து எழுதிப் பிரீமியத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். நான்கு லட்ச ரூபாய்ச் சாமானை இரண்டு லட்சம் என்று எழுதி, ஒரு லட்ச ரூபாய்ப் பொருள் போனால், ஐம்பதாயிரம்தான் வரும். பாதிக்குத்தானே காப்பீடு எடுத்தாய், மீதிப் பாதிக்கு நீயே காப்பீட்டாளர் என்று கணக்குப் போடுவார்கள். எங்கள் முதலாளி இந்தக் கணக்கை ஏற்க மறுத்து ஒரு நாள் முழுக்கக் கத்தினார். கணக்கு மாறவில்லை.

உயரத்தில் பழனி
4 டிசம்பர் 2024, இரவு 10.10

எல்லாவற்றையும் படித்தேன். வண்டி, வாஷர், கம்பு. கயிற்றில் தொங்குகிறவனைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் 16 வருடமாகக் கயிற்று வேலை செய்கிறேன், இப்போது என்னிடம் ஒன்பது பேர். ஏழு வருடத்துக்கு முன் ஒரு பையன் நான்காவது மாடியிலிருந்து விழுந்தான். மாடிக் கைப்பிடிச் சுவரின் விளிம்பில் கயிறு உரசி அறுந்தது. இரண்டாவது கயிறு கட்டியிருக்க வேண்டும், கட்டவில்லை. அது என் தவறு. உயிர் பிழைத்தான், இடுப்பும் காலும் போயின. என்னிடம் அப்போது வண்டிக்குக் காப்பீடு இருந்தது, வாஷருக்கு வாரண்டி இருந்தது, அவனுக்கு ஒன்றும் இல்லை. மருத்துவமனைக் கட்டணத்துக்கு மனைவி நகையும் ஊரில் இருந்த கால் காணியும் போயின.

ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இலேயே வந்தது. அதன் கீழ்ப் பொறுப்பு முதலாளிக்கு. நீங்கள் உங்களை முதலாளி என்று நினைத்துக்கொள்ளாவிட்டாலும் சட்டம் நினைத்துக்கொள்ளும். கணக்கு எப்படி என்றால், 30 வயதுப் பையன் வேலையில் இறந்தால், மாதச் சம்பளத்தில் பாதியை 207.98 ஆல் பெருக்க வேண்டும். சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். வயது குறையக் குறையப் பெருக்கும் எண் கூடும். முழு ஊனம் என்றால் பாதிக்குப் பதில் 60 சதவீதம். 2009 திருத்தத்துக்குப் பிறகு மருத்துவச் செலவும் முதலாளி தலையில்தான். உங்கள் ஈக்கோவையும் சாமானையும் சேர்த்து விற்றாலும் இந்தத் தொகை வருமா?

பத்து பேரோ அதற்கு மேலோ என்றால் இ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) வந்துவிடும். உங்களிடம் நான்கு பேர், எனவே ஊழியர் இழப்பீட்டுப் பாலிசிதான் வழி. எடுக்கும்போது "துப்புரவுப் பணி" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். கயிற்றில் தொங்கி வெளிச்சுவர்க் கண்ணாடி துடைப்பது, அதிகபட்சம் இத்தனை மீட்டர் உயரம் என்று முன்மொழிவுப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். பிரீமியம் கூடும், கூடட்டும். தரையைத் துடைக்கும் ஆள் என்று எழுதிவிட்டு எட்டாவது மாடியில் விழுந்தால் யார் கொடுப்பார்கள்? மருத்துவச் செலவுக்குக் கூடுதல் பிரிவையும் கேட்டு வாங்குங்கள், தானாகச் சேர்ந்து வராது.

முதலாளிக்கு அந்தப் பாலிசியில் இடமில்லை. நீங்களும் கயிற்றில் ஏறுகிறவர் என்றால் தனிநபர் விபத்துக் காப்பீடு வேறாக எடுங்கள்.

ஓ.எம்.ஆர்.துடைப்பான்
5 டிசம்பர் 2024, காலை 6.30

பழனி அண்ணா, இரவு இதைப் படித்துவிட்டு மச்சானுக்கு அனுப்பினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. காலையில் வந்து பழைய கயிறு இரண்டையும் வெட்டிப் போட்டுவிட்டார்.

இன்னொன்று கேட்கிறேன். போன மாதம் ஒரு புதுக் கட்டடத்தில் சிமென்ட் துளியை பிளேடால் சுரண்டியபோது ஆறு கண்ணாடிகளில் கீறல் விழுந்தது. கட்டடக்காரர் 90,000 ரூபாய் பிடித்துக்கொண்டார். பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்தால் இது கிடைக்குமா?

ஓய்வுபெற்ற சர்வேயர்
5 டிசம்பர் 2024, காலை 9.00

கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்பு நழுவிக் கீழே நின்ற காரின் மேல் விழுந்தால், நடந்து போனவர் தோளில் பட்டால், அது பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் வரும். நீங்கள் எந்தப் பொருளின் மேல் வேலை செய்துகொண்டிருந்தீர்களோ, எது உங்கள் பொறுப்பில் இருந்ததோ, அதை வழக்கமான வாசகத்தில் விலக்கியிருப்பார்கள். கண்ணாடி துடைப்பவருக்குக் கண்ணாடிதான் விலக்கு. வேலைக்குறைபாட்டுக்குக் காப்பீடு கிடையாது என்பது அதன் தர்க்கம். வேலை செய்யும் பொருளுக்கும் சேர்த்துக் கேட்டால் சிலர் சிறு வரம்போடு தருவார்கள். எழுத்தில் வாங்குங்கள்.

உயரத்தில் பழனி
5 டிசம்பர் 2024, காலை 9.40

டஃபன்டு (சுட்டுக் கடினமாக்கிய) கண்ணாடியா? அப்படியென்றால் பிளேடு போட்டிருக்கவே கூடாது. சூளையில் சுடும்போது ஒட்டிய நுண்துகள் சில கண்ணாடிகளின் மேற்பரப்பிலேயே இருக்கும், பிளேடு அதைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போகும். குற்றம் கண்ணாடி செய்தவருடையது, பணம் பிடிப்பது நம்மிடம். உப்புக்கறைக்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த திரவம் விற்கிறார்களே, அதுவும் அப்படித்தான். கறையோடு கண்ணாடியையும் அரித்துவிடும், கையையும் விடாது.

வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு கண்ணாடியையும் சாய்ந்த வெளிச்சத்தில் வீடியோ எடுங்கள். சிமென்ட், பெயின்ட் துளி சுரண்டினால் கீறலுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். எனக்கு அந்தத் தாள் எந்தப் பாலிசியையும்விட அதிகமாக உதவியிருக்கிறது.

ஹாரோவிலிருந்து
5 டிசம்பர் 2024, மாலை 4.20

லண்டனில் இதே தொழில்தான் செய்கிறேன். இங்கே ஆள் வைத்தால் முதலாளி பொறுப்புக் காப்பீடு கட்டாயம், 1969-ஆம் வருடச் சட்டம், குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு எடுக்க வேண்டும். சாமானுக்கு வேன் பாலிசியோடு தனிப் பிரிவு சேர்க்கலாம். ஆனால் இரவில் வண்டிக்குள் விட்டால் இல்லை என்ற வரி இங்கேயும் உண்டு. அதனால் வேனின் பின்கதவில் "இரவில் உள்ளே கருவிகள் இல்லை" என்று ஒட்டி வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். திருடர்கள் படிப்பார்கள் என்ற நம்பிக்கை.

தொட்டியைக் கயிற்றில் கட்டியிருக்கிறீர்களா, சட்டகத்தில் போல்ட் போட்டா? முழுத் தொட்டி 300 கிலோ. பிரேக் பிடித்தால் அது ஓட்டுநரின் முதுகுக்குத்தான் வரும்.

அம்பத்தூர் மணி
5 டிசம்பர் 2024, இரவு 8.15

சரி, ஆள் விஷயத்தில் பழனி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். மஞ்சள் போர்டு செலவு பற்றி என் கருத்து மாறவில்லை. தவிர, ஈக்கோ கார்கோவில் இரண்டே இருக்கைதான். ஐந்து பேரை எதில் ஏற்றுவது? பின்னால் தொட்டி மேல் உட்காரவைத்தால் அவர்களுக்குக் காப்பீடு உண்டா?

கணக்கு அக்கா
5 டிசம்பர் 2024, இரவு 8.50

இது நல்ல கேள்வி மணி. பதிவில் உள்ள இருக்கைக்கு மேல் ஏற்றினால் தகராறுதான். மற்றவர்கள் பைக்கில் வரட்டும், பெட்ரோல் காசு கொடுத்துவிடுங்கள்.

மஞ்சள் போர்டுக்கு மாறுகிறவர்கள் ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் வணிக வாகனத்தில் ஹெட்லைட், பம்பர், மட்கார்டு, பானெட், டயர், பெயின்ட் ஆகியவற்றுக்கு, வண்டி முழுதாக அழிந்தால் தவிர, பணம் கிடையாது. நகரத்தில் இடிபடுவது எல்லாம் அந்த ஐந்தாறு பாகங்கள்தானே! சிறிது கூடுதல் பிரீமியம்தான், ஆனால் விலையைக் குறைத்துக் காட்ட ஏஜென்டுகள் இதைத்தான் முதலில் எடுத்துவிடுவார்கள்.

மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். சரிவராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்). கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, நிறுவனம் இறுதியாக மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். உங்களைப் போன்ற தனி உரிமையாளர் தொழிலுக்கும் அங்கே இடமுண்டு.

ஓ.எம்.ஆர்.துடைப்பான்
21 டிசம்பர் 2024, இரவு 10.05

அனைவருக்கும் நன்றி. என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் பழனி அண்ணன் சொன்ன பாலிசி. மச்சானும் மூன்று பையன்களும் பெயரோடு சேர்ந்துவிட்டார்கள், கயிற்று வேலை, 30 மீட்டர் வரை என்று எழுதி வாங்கினேன். இரண்டு நிறுவனங்கள் உயரத்தைக் கேட்டதும் போனை வைத்துவிட்டன, மூன்றாவது கொடுத்தது. எனக்கு விபத்துக் காப்பீடு தனியாக.

வெள்ளை போர்டு ஈக்கோவைச் சரக்கு வண்டியாக மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இரண்டு முறை போய் வந்தேன். அதைவிட விற்பது எளிது என்று புரிந்தது. இருக்கையை மாட்டி, தொட்டியை இறக்கி, விற்பனைக்குப் போட்டிருக்கிறேன். ஈக்கோ கார்கோவுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. ஐ.எம்.டி. 23, எஞ்சின் பாதுகாப்பு இரண்டும் சேர்த்துத்தான் விலை கேட்டேன். ஏஜென்டை மாற்றிவிட்டேன். பொதுப் பொறுப்புக் காப்பீடு இந்த வருடம் முடியவில்லை, கையெழுத்துத் தாள் மட்டும் அச்சடித்திருக்கிறேன்.

சாமானுக்கு ஆல் ரிஸ்க் எடுத்தேன். அக்கா சொன்ன கேள்வியைக் கேட்டேன், அவர் சொன்ன பதிலே வந்தது: இரவில் வண்டிக்குள் இருந்தால் கிடையாது. அதனால் கூடவே ஒரு கன்னக்களவுப் பாலிசியும் எடுத்துவிட்டு, தினமும் இரவு எல்லாவற்றையும் வீட்டுக்குள் ஏற்றுகிறோம். கம்பை உள்ளிழுத்தால் ஆறடிதான் இருக்கும், மாமியார் கட்டிலுக்கு அடியில் சரியாகப் போகிறது.

வேளச்சேரிவாசி
21 டிசம்பர் 2024, இரவு 10.20

மாமியார் கட்டில் மேம்பாலத்தைவிட உத்தமம். கன்னக்களவுப் பாலிசியில் எந்த முகவரியை எழுதியிருக்கிறீர்கள்?

ஓ.எம்.ஆர்.துடைப்பான்
21 டிசம்பர் 2024, இரவு 10.31

ஜி.எஸ்.டி. பதிவில் உள்ள பெருங்குடி அறையின் முகவரி. மாமியார் வீடு துரைப்பாக்கத்தில். காலையில் முதல் வேலையாக ஏஜென்டுக்குப் போன் செய்கிறேன்.